பெருங்குடல் கட்டிகள்: உடைந்த குரோமோசோமா, திருத்தாமல் விட்ட பிழையா?

பெருங்குடல் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொல்கிறோம். மரபணுவைப் படித்துப் பார்த்தால், வேறு வேறு வழிகளில் கெட்டுப்போன கட்டிகள் அவை என்பது தெரியும். முக்கியமான வழிகள் இரண்டு.

சுமார் 85 சதவீதக் கட்டிகள் குரோமோசோம்கள் நிலைகுலைந்தவை. இவற்றில் துண்டு துண்டாக டிஎன்ஏ தொலைந்திருக்கும், அல்லது தேவைக்கு மேல் பெருகியிருக்கும். பெரும்பாலும் முதலில் பழுதாவது ஏபிசி மரபணு. செல்லைப் பெருகத் தூண்டும் பீட்டா கேட்டினின் என்ற புரதத்தை அழிப்பது இதன் வேலை. அது நின்றுபோனால் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி முளைக்கும். அப்புறம் கேராஸ் மரபணு, பின்னால் டிபி53 மரபணு பழுதாகும். இந்தப் படிவரிசையை 1990-இல் ஃபியரானும் வோகல்ஸ்டைனும் முன்வைத்தார்கள். பாடத்துக்கு அழகான வரிசைதான். கட்டிகள் அதை அப்படியே பின்பற்றுவதில்லை. 2012-இல் வந்த அமெரிக்கப் புற்றுநோய் மரபணு வரைபட ஆய்வில், பிறழ்வுகளின் (மரபணு மாற்றங்களின்) எண்ணிக்கை அளவுமீறிப் போகாத கட்டிகளில் ஏபிசி 81 சதவீதத்திலும் டிபி53 60 சதவீதத்திலும் மாறியிருந்தன. கேராஸ் 43 சதவீதத்தில்தான்.

மீதி 15 சதவீதத்தில் குரோமோசோம்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். கெட்டது பிழைதிருத்தும் அமைப்பு. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில் டிஎன்ஏ நகலெடுப்பு வழுக்கும். திருத்த ஆள் இல்லாததால் பிழை அப்படியே தங்கிவிடும். டிஜிஎஃப்பிஆர்2 மரபணுவில் பத்து 'ஏ' எழுத்துகள் தொடர்ந்து வரும் ஓர் இடம் உண்டு. இவ்வகைக் கட்டிகள் அடிக்கடி அங்கேதான் தடுக்கி விழுகின்றன. குடலின் வலப்பக்கத்தில்தான் இவை அதிகம்.

இந்தப் பழுது பரம்பரையாக வந்ததா என்பதுதான் குடும்பத்தாருக்கு முக்கியமான கேள்வி. பிழைதிருத்தும் எம்எல்ஹெச்1 புரதம் கட்டியில் காணவில்லை என்றதும், பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல நேரம் அந்த மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. மெத்தில் என்ற வேதித் துணுக்கு ஒட்டிக்கொண்டு அதை ஊமையாக்கியிருக்கும். கட்டியில் பிராஃப் மரபணுவின் வி600ஈ என்ற பிறழ்வும் இருந்தால் அநேகமாக லிஞ்ச் இல்லை.

சிகிச்சையில்தான் கணக்கு தலைகீழாகிறது. பிறழ்வு அதிகமுள்ள கட்டி மோசமானது என்றுதானே தோன்றும்? ஆனால் அத்தனை பிழைகளும் விநோதப் புரதங்களை உண்டாக்க, நோய் எதிர்ப்பு செல்கள் கட்டியை அடையாளம் கண்டுகொள்கின்றன. பரவிய நிலையில் இருந்த இவ்வகை நோயாளிகளிடம் நடந்த கீநோட்-177 ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு, எதிர்ப்பு சக்தியை முடுக்கிவிடும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தில் 16.5 மாதம், கீமோவில் 8.2 மாதம். எல்லோருக்கும் பலிக்கவில்லை, சிலருக்குத் தொடக்கத்திலேயே நோய் முற்றியது. முதல் வகைக்கோ இந்த மருந்து தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. அதில் கேராஸும் மாறியிருந்தால் செல்லுக்கு வரும் வளர்ச்சித் தூண்டலைத் தடுக்கும் செடுக்சிமாப் போன்ற மருந்தும் பெரும்பாலும் கைகொடுக்காது.

இரண்டிலும் சேராத சிறு கூட்டம் ஒன்றும் உண்டு: ‘POLE’ என்ற மரபணு மாறிய கட்டிகள். இங்கே நகலெடுக்கும் நொதியே தன் பிழையைச் சரிபார்ப்பதில்லை, அதனால் பிறழ்வுகள் மலைபோல் குவியும். ஆனால் எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் பிழை தேடும் மைக்ரோசாட்டிலைட் சோதனை பெரும்பாலும் இயல்பு என்றே சொல்லும். அந்தச் சோதனையோடு நிறுத்திக்கொண்டால், எதிர்ப்பு சக்தி மருந்துக்கு இணங்கக்கூடிய இவர்கள் கண்ணில் படாமலே போய்விடுவார்கள்.