பழைய சீரியல் பாக்க எச்டி போடலாமா? காரைக்குடி வீட்டு ரிவ்யூ

எங்க தெருவுல இப்ப பாதி வீட்டுக்கு எச்டி பாக்ஸ் வந்துருச்சு. பழைய சீரியலெல்லாம் பளிச்சுன்னு தெரியும்னு சொல்லித்தான் போட்டுட்டுப் போறாங்க, எங்க அப்பத்தா பழைய சீரியல தவிர வேற எதையும் பாக்க மாட்டாங்க, அதனால நாங்களும் போட்டோம். நல்லா பயன்படுத்திப் பாத்துட்டுத்தான் எழுதுறேன். பாக்ஸ்ல குறை ஒண்ணும் இல்ல, புது சீரியலும் கிரிக்கெட்டும் அதுல அவ்ளோ அழகா இருக்கு. ஆனா பழைய சீரியலுக்காக மட்டும் போடுறதா இருந்தா வேண்டாம்ங்க, அந்தக் காச மிச்சம் பண்ணுங்க.

ஏன்னா 1999ல வந்த சித்தி, 2002ல வந்த மெட்டி ஒலி இதெல்லாம் வீடியோ டேப் காலத்து சீரியல். நம்ம ஊர்ல அப்ப இருந்தது பால் (PAL)ங்கற டிவி ஒளிபரப்பு முறை, படத்த கோடு கோடா அனுப்பும், மொத்தம் 625 கோடு, அதுல படத்துக்கு 576தான். டிஜிட்டல் கணக்குல 720க்கு 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளி (பிக்சல்). ஃபுல் எச்டி 1920க்கு 1080, கிட்டத்தட்ட 20.74 லட்சம் புள்ளி, சரியா அஞ்சு மடங்கு. டேப்ல இருக்கறது ஒரு பங்குதான், மிச்ச நாலு பங்கையும் சேனலோ டிவியோ பக்கத்துப் புள்ளியப் பாத்து தானா நிரப்புது. நாலு பேருக்கு வச்ச ரசத்துல தண்ணிய ஊத்தி இருபது பேருக்குப் பரிமாறுற மாதிரிதான், அளவு கூடும், ருசி கூடாது.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இத கண்ணாலயே காட்டிடலாம். செட்டிநாட்டு வீட்ல வச்சு எடுத்த பழைய சீரியல் எதையாவது எச்டி சேனல்ல பாருங்க, வளவுல, அதாவது முற்றத்துப் பக்கம், தரைக்குப் போட்டிருக்கற ஆத்தங்குடி கல்லுல பூவும் தெரியாது கட்டமும் தெரியாது, எல்லாம் ஒரே கலர் திட்டா இருக்கும், நிலைக்கு மேல உள்ள தேக்கு வேலைப்பாடு கருப்பா ஒரு பட்டை, அவ்ளோதான். அதே மாதிரி வீட்ல 35 எம்எம் ஃபிலிம்ல எடுத்த பழைய சினிமாவ நல்ல பிரிண்ட்ல எச்டில பாத்தீங்கன்னா கல்லுல இருக்கற பூவோட இதழ எண்ணலாம். ஃபிலிம்ல அவ்ளோ விவரம் ஏற்கனவே பதிஞ்சு கெடக்கு, திரும்ப ஸ்கேன் பண்ணா வெளிய வருது. டேப்ல பதியவே இல்லாதத எங்க இருந்து எடுக்கறது?

அதனால ஒரு பழைய நிகழ்ச்சிக்கு எச்டி வேணுமான்னு யோசிச்சா மொதல்ல அது எதுல எடுத்ததுன்னு பாருங்க. அமெரிக்காக்காரங்க 1987ல இருந்து 94 வரைக்கும் ஓட்டுன ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன்ங்கற டிவி சீரியல எடுத்தது 35 எம்எம் ஃபிலிம்ல, ஆனா எடிட்டிங்கும் கிராஃபிக்ஸும் முடிச்சது டேப்ல, அதனால 2012ல இருந்து ப்ளூரேன்னு எச்டி டிஸ்க்கா போடுறப்ப ஒரிஜினல் நெகட்டிவ தேடி எடுத்து, மறுபடி ஸ்கேன் பண்ணி, எல்லா எபிசோடையும் முதல்ல இருந்து கோர்த்தாங்க. அது உண்மையான எச்டி, காசு குடுத்து வாங்கலாம். நம்ம டேப் சீரியலுக்கு அப்படித் தேடிப் போக நெகட்டிவே கெடையாது.

எனக்கு நெஜமாவே கோவம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தக் கால சீரியலெல்லாம் அகலத்துக்கு உயரம் 4:3, இப்ப டிவி 16:9. ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வந்தா என்னங்க, அதுதானே முழுப் படம்? அத நெறைக்கிறேன்னு ஜூம் பண்றாங்க, மேலயும் கீழயும் சேர்த்து கால்வாசிப் படம் போயிடுது, நெத்தி இல்லாம ஆளு பேசுறாங்க. இல்லன்னா இழுத்து விடுறாங்க, அப்ப ஒல்லியா இருக்கறவங்களும் குண்டாயிடுறாங்க. இப்ப யூடியூப்ல ஏஐ வச்சு 4கே ஆக்குனோம்னு வேற போடுறாங்க, அதுல வயசான அம்மா மொகத்துல சுருக்கமே இல்லாம மெழுகுல செஞ்ச மாதிரி இருக்கு. அதுக்கு மங்கலா இருக்கறதே எவ்ளவோ மேல்.

எச்டி சேனல்ல ஒரே ஒரு லாபம் உண்டு, அதயும் சொல்லிடணும். அனுப்புறதுக்காகப் படத்தோட டேட்டாவ சுருக்குறப்ப, சாதா சேனல போட்டு அமுக்குற அளவுக்கு பெரும்பாலும் எச்டிய அமுக்குறதில்ல, அதனால ஆளு வேகமா நடக்கறப்ப வர்ற கட்டம் கட்டமான உடைசல் கொறையும். ஆனா அது தெரியணும்னா பெரிய டிவி வேணும், கிட்ட உக்காரணும். நம்ம வீட்டு பட்டாலையில, அதாவது கூடத்துல, டிவி ஒரு கோடில இருக்கும், அப்பத்தா இன்னொரு கோடில சாஞ்சிருப்பாங்க, 32 இன்ச் டிவிய 10 அடி தள்ளி இருந்து பாத்தா 576 கோட்டயே கண்ணு முழுசா பிரிச்சுப் பாக்காது, அங்க எச்டியும் ஒண்ணுதான் சாதாவும் ஒண்ணுதான். 55 இன்ச்ச 7 அடில வச்சுப் பாக்கறவங்களுக்கு எச்டி கண்டிப்பா வித்தியாசம் காட்டும், அதுவும் சினிமாவுக்கு.

காசு செலவில்லாம செய்ய வேண்டியது இதுதான். பாக்ஸுல இருந்து டிவிக்கு மஞ்ச செவப்பு வெள்ள வயர் போட்டிருந்தா கழட்டிட்டு எச்டிஎம்ஐ வயர் போடச் சொல்லுங்க, அந்தப் பழைய வயர்ல எச்டியே வராது, நம்ம பக்கம் நெறைய வீட்ல எச்டிக்கு மாசாமாசம் கட்டிட்டு இன்னும் அதுலதான் பாத்துட்டு இருக்காங்க. பழைய சீரியல்ல ஆளு இழுத்த மாதிரி குண்டா தெரிஞ்சா மட்டும் டிவில பிக்சர் சைஸ 4:3ல வைங்க. ஷார்ப்னஸ நல்லா கொறைங்க, ஏத்தி வச்சா பழைய டேப்போட பிசிறுதான் எடுப்பா தெரியும், மொகத்தச் சுத்தி வெள்ளக் கோடு வரும். எங்க வீட்ல எச்டி பேக்குல சினிமா சேனல மட்டும் வச்சுக்கிட்டு சீரியல் சேனல சாதாவுக்கே மாத்திட்டோம்.