8 வெள்ளி பிளாஷர் ரிலே: வாங்கலாம், ஆனால் அப்படியே மாட்டிவிடாதீர்கள்

பைக்கின் சிக்னல் விளக்குகளைச் சிமிட்ட வைப்பது இந்த ரிலே. சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஓர் உதிரிபாகக் கடையில் வாங்கியது. கட்டைவிரல் தடிமனில் கறுப்புப் பெட்டி, மூன்று கால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தலையில் ஒரு சின்னத் திருகு. கம்பெனிப் பெயர் எங்கேயும் இல்லை. "12 வோல்ட், எல்இடிக்கு ஏற்றது" என்று அட்டையில் இருந்தது, அவ்வளவுதான்.

நான் வாங்கிய பழைய பைக்கில் முந்தையவர் நான்கு சிக்னலையும் எல்இடியாக மாற்றி வைத்திருந்தார். இடப்பக்கம் போட்டால் நிமிடத்துக்கு 170 தடவை படபடக்கும். ஐநா வாகன விதிகளில் 60 முதல் 120 வரைதான் கணக்கு. மூன்று வருடம் தாண்டிய பைக்குக்கு இங்கே ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு, எனக்கு அடுத்த மாதம். ரிலே போய்விட்டது, மாற்று என்று துவாஸில் கூட வேலை பார்க்கும் இருவர் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கையில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, ஈசூன் வீட்டுச் சமையலறை மேசையில் 12 வோல்ட் பேட்டரி, 5 ஆம்பியர் ஃபியூஸ், 10 வாட் பல்பு இரண்டு, முதலை கிளிப் வயர்கள். "இட்லிப் பானை வைக்கிற இடத்துல பேட்டரியா?" என்றாள் மனைவி. செய்தித்தாள் விரித்ததும் ஆறு மணி நேரப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

முதலில் பழைய ரிலே. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 'பி' (பேட்டரி) காலுக்கு, 'எல்' (விளக்கு) காலிலிருந்து பல்புகளுக்கு, அங்கிருந்து நெகட்டிவுக்கு. பல்பு இல்லாமல் 'எல்' காலை நேராக நெகட்டிவில் தொடவே கூடாது. ஃபியூஸ் போகும், இல்லையென்றால் ரிலே போகும். மகள் கைப்பேசியில் 30 விநாடி வைத்து எண்ணினாள்: 41. அதாவது நிமிடத்துக்கு 82. நல்ல ஆரோக்கியம்! ஒரு பல்பைக் கழற்றினேன், உடனே படபடப்பு. இரண்டு பல்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.7 ஆம்பியர் ஓடும் என்று எதிர்பார்த்துச் செய்த சாமான் அது. என் எல்இடி இரண்டும் சேர்ந்து 0.2 ஆம்பியரைக்கூட எட்டவில்லை. பல்பு ஒன்று அவிந்துவிட்டது என்று அது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு புதியது. அட்டைக்குள் இருந்த காகிதப் படத்தின்படி கொடுத்தேன். பல்பு எரிந்தது, எரிந்துகொண்டே நின்றது, சிமிட்டவில்லை. ரிலேயைத் திருப்பி அடியில் பார்த்தால் அச்சிட்ட எழுத்துகள் வேறு: படத்தில் 'பி'யும் 'எல்'லும் இடம் மாறியிருக்கின்றன. எழுத்துப்படி மாற்றிக் கொடுத்து, மூன்றாவது 'இ' (எர்த்) காலை நெகட்டிவில் சேர்த்ததும் சிமிட்ட ஆரம்பித்தது. நடுவில் பல்பு இருந்ததால் எதுவும் கருகவில்லை. பைக்கிலேயே நேராக மாட்டியிருந்தால் அரைநாள் வயரைத் தேடி அலைந்திருப்பேன்.

திருகை இடக்கோடிக்குத் திருப்பினால் 48, வலக்கோடியில் எண்ணவே முடியவில்லை. 84இல் நிறுத்தி, அதிர்வில் நகராமலிருக்க மகளின் நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்தேன். ஊதா நிறம். எல்இடியோ பல்போ, வேகம் மாறவில்லை. அந்த வகையில் 8 வெள்ளிக்குக் குறை சொல்ல முடியாது. அரை மணி நேரம் ஓடவிட்டும் வெதுவெதுப்புதான்.

பைக்கில் மாட்டியபோது இன்னொரு வேடிக்கை. இடப்பக்கம் போட்டால் நான்கும் சிமிட்டின. இது ரிலேயின் தவறல்ல. என் பைக்கில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரே பச்சை விளக்கு. அதன் ஒரு முனை இடது வயரில், மறுமுனை வலது வயரில். அதன் வழியாக எதிர்ப்பக்கம் கசிகிற துளி மின்சாரத்துக்கு 10 வாட் பல்பு அசையாது, எல்இடிக்கோ அதுவே போதும். சிம் லிம் டவரில் 4007 டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது) இரண்டு வாங்கி, இடது வயருக்கு ஒன்று, வலது வயருக்கு ஒன்றாக இரண்டையும் பச்சை விளக்கின் ஒரே முனைக்கு, டையோடின் வெள்ளிக்கோடு விளக்கைப் பார்க்கும்படி வைத்தேன். விளக்கின் மறுமுனையை எர்த்தில், அதாவது நெகட்டிவில் போட்டேன். சரியாகிவிட்டது.

எனக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று, சத்தமே இல்லை. பழையதன் 'டிக் டிக்' இல்லாததால் உட்லண்ட்ஸில் வலது சிக்னலை அணைக்க மறந்து மூன்று விளக்குச் சந்திப்பு தாண்டிவிட்டேன். பின்னால் வந்த டாக்சிக்காரர் ஹாரன் அடித்துத்தான் தெரிந்தது. இரண்டு, அடிப்பக்கம் திறந்தே இருக்கிறது, உள்ளே செப்புக்கோடுகள் தெரிகின்றன. நம்ம ஊர் மழைக்கு இது ஆகாது. கால்களைச் சுற்றி சிலிக்கோன் பசை தடவி, ஒரு ராத்திரி காயவிட்டுத்தான் சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

மல்டிமீட்டர் பிடித்து வயர் வேலை பழகியவர் வாங்கலாம். கடையில் மாட்டச் சொல்லி வாங்குகிறவர் 20 வெள்ளிக்கு மேல் போனாலும் அடி மூடி, சத்தம் வரும் ரிலேயைக் கேட்டு வாங்குங்கள். நான் காகிதப் படத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன். "அங்கிள், எல்லாப் பெட்டியிலயும் அதே பேப்பர்தான்" என்றார்.