44 எழுத்தில் ஒரு எழுத்து: கல்லறைக் கல் செய்யக் கொடுத்த கதை

பாளையங்கோட்டைப் பக்கம் கல்லறைக் கல் செய்யக் கொடுக்க யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. நடந்த தப்பையும் சொல்லப் போகிறேன், அதற்காக அந்த அண்ணாச்சியின் பிழைப்பு கெட வேண்டாம்.

அம்மாவின் கல்லறைக்கு வாங்கிய கல்லைப் பற்றிக் குறையே இல்லை. 3 அடிக்கு 2 அடி கறுப்பு கிரானைட். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார், கொஞ்சமும் ஊறாமல் வழிந்து ஓடியது. பெயர், தேதி, சிலுவை எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். வசனத்துக்குத் தனிக் காசு, எழுத்துக்கு 30 ரூபாய். புள்ளி எழுத்துக்கும் அதே ரேட்டா என்று கேட்டேன். "ஒலிக்கத்தான் தம்பி அரை மாத்திரை. வெட்டுறதுக்கு முழுசா நேரம் ஆகுதுல்லா" என்றார். இப்படிப் பேசுகிற ஆளிடம் பேரம் எங்கே பேசுவது?

வசனம் எது என்பதில் எனக்கும் தங்கச்சிக்கும் ஒரு வாரம் இழுத்தது. பைபிளில் யோவான் 11:25 என்பதில் சண்டை இல்லை. எந்த மொழிபெயர்ப்பு என்பதில்தான். தூத்துக்குடியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் அவள். 1995இல் வந்த 'பொது மொழிபெயர்ப்பு' பைபிளைக் கொண்டுவந்து காட்டினாள்: "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே. என்னிடம் நம்பிக்கை கொள்பவர் இறப்பினும் வாழ்வார்." எண்ணிப் பார்த்தேன், 40 எழுத்து. எங்கள் பழைய பைபிளில் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்", 44 எழுத்து. 120 ரூபாய் மிச்சம் என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அவள் கேட்டது நியாயமான கேள்வி. "அம்மா மேல வைக்கிற கல்லுல 'பிழைப்பான்'னு எப்படிண்ணே போடுறது? 'வாழ்வார்'னா பொதுவா இருக்குல்லா?"

இயேசு அதை ஒரு பொம்பளையிடம், மார்த்தாளிடம்தானே சொன்னார் என்று சமாளித்தேன். ஆனால் நான் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் வேறு.

கடைசி 4 நாள் அம்மா ஐசியூவில் இருந்தாள். வராந்தாவில் நின்றுகொண்டு டாக்டர், நர்ஸ், தள்ளுவண்டி தள்ளுகிறவர் என்று யார் கதவைத் திறந்து வந்தாலும் நான் கேட்டது ஒரே கேள்வி: "பிழைச்சுக்கிடுவாங்களா?" ஐந்தாம் நாள் கல்லறைத் தோட்டத்து வாசலில் சேகரத்து ஐயர் (எங்கள் சபைப் போதகர்) அங்கியோடு நின்று அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே பெட்டிக்கு முன்னால் நடந்தார். நூறு அடக்க ஆராதனையிலாவது கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் 'மரித்தாலும் பிழைப்பான்' என்பது நான் வராந்தாவில் கேட்ட அதே சொல் என்று உறைத்தது. 'வாழ்வார்' நல்ல சொல்தான், அழகும் கூட. ஆனால் ஐசியூ வாசலில் யாரும் "வாழ்வாரா?" என்று கேட்பதில்லை. பிழைப்பு என்றால் அம்மாவுக்கு மடியில் சுளகும் பீடி இலையும்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றி எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தாள். அவள் உயிர்த்தெழுவாள் என்றால் இந்தச் சொல்லில்தான் எழ வேண்டும், எனக்கு.

சரி, தப்புக்கு வருகிறேன். நான் அச்சுக்கு எழுத்தடிக்கும் டிடிபி வேலை செய்கிறவன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் என் வருமானத்தில் பாதி. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', 'இறைவனடி சேர்ந்தார்', இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். ஆகவே வசனத்தை நானே யூனிகோடில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர்களிடம் இருந்தது பழைய கோரல் டிரா மென்பொருள், அதில் யூனிகோட் கொம்பும் காலும் கலைந்து வந்திருக்கிறது. கடைப் பையன் பழைய எழுத்துருவில் மறுபடி அடித்து, ஸ்டிக்கர் வெட்டி, கல்லில் ஒட்டி, மணலைப் பீய்ச்சி எழுத்தைக் குழித்து, தங்கக் கலர் பூசிவிட்டான்.

குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால் தருவதாகச் சொன்ன கல் பெரிய வியாழன் சாயங்காலம் வந்தது. சாக்கை உருவியதும் கண் நேராக அங்கேதான் போனது. "மரித்தாலும் பிளைப்பான்."

எங்கள் ஊரில் வாழைப்பழமே வாளப்பளம்தான், பையனைச் சொல்லி என்ன? போனைப் போட்டேன். "ள, ழ எல்லாம் யாரு தம்பி பாக்கப் போறா?" என்றார் அண்ணாச்சி. நான் பார்ப்பேனே! பிறகு அவரே இறங்கி வந்து, எழுத்தை எபாக்சி போட்டு அடைத்தால் திட்டாகத் தெரியும், பண்டிகை கழியட்டும், வேறு கல் தருகிறேன் என்றார். அந்த இடத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

மறுநாள் பெரிய வெள்ளி. "கன்மலைகளும் பிளந்தது" என்று மத்தேயுவிலிருந்து வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வரிசைத் தாத்தா திரும்பி முறைத்தார்.

ஈஸ்டர் அன்று விடிய 4 மணிக்கு ஆராதனை. அது முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எங்கள் தோட்டத்தில் எல்லாரும் கிழக்கே பார்த்துத்தான் கிடக்கிறார்கள், எழும்போது வருகிறவரைப் பார்க்க வேண்டுமாம். தற்காலிகமாகச் சாய்த்து வைத்த கல்லில் தங்கச்சி மெழுகுவர்த்தி ஏற்றினாள். வெளிச்சம் சரியாக அந்த 'ளை' மேலேயே விழுந்து தொலைத்தது. நான் முணுமுணுத்ததைக் கேட்டு, "அம்மாவே அப்படித்தான் எழுதுவா. ஹாஸ்டலுக்குப் போட்ட லெட்டர்ல எல்லாம் 'பொளப்பு'தான். பாத்ததில்லையா?" என்றாள். பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து யோவான் 11ஐ முழுக்க வாசித்தேன். செத்துப்போன சகோதரன் லாசரு கடைசி நாளில் எழுவான் என்று அறிந்திருக்கிறேன் என்று மார்த்தாள் சொல்கிறாள். உயிர்த்தெழுதல் நானே என்ற பதிலையும் கேட்கிறாள், விசுவாசிக்கிறேன் என்கிறாள். ஆனால் கல்லை எடுத்துப்போடுங்கள் என்றதும், "ஆண்டவரே, இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே" என்கிறாள். விசுவாசம் ஒரு கையில், கல்லைப் பற்றிய கவலை இன்னொரு கையில். என் ஆள் அவள்தான். இயேசு அவளைப் போகச் சொல்லவில்லை, அவள் பக்கத்தில் நிற்கும்போதே லாசருவைக் கல்லறையிலிருந்து கூப்பிட்டார்.

புதுக் கல் மூன்றாவது வாரம் வந்தது, அதே விலைக்குள், கூடக் காசு இல்லாமல். 'ழை' சுத்தமாக இருக்கிறது. தங்கச்சிக்குப் பழையதை விட மனதில்லை. அண்ணாச்சியும் அதைத் திருப்பி எடுக்கவில்லை, என் கடைப் பின்கட்டில் கிடக்கிறது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஸ்டிக்கர் வெட்டும் முன் தாளில் எடுத்துத் தரச் சொல்லி, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். பதிக்க வருகிற ஆளுக்குக் கூலி தனி. சிமெண்டும் மணலும் நாம்தான் வாங்கிப் போட வேண்டும், அதை முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள்.