ரஷ்ய எனாமல் போட்டோ ஃபிரேம்: முதலில் முதுகைப் பாருங்கள்

ரஷ்ய நகைக்கலைஞர் ஃபபெர்ஜே என்றாலே ஜார் மன்னரின் ஈஸ்டர் முட்டைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அதை நாம் வாங்கப்போவதில்லை, விடுங்கள். அதே பட்டறைகளில் செய்த வெள்ளி எனாமல் போட்டோ ஃபிரேம்கள் இன்னும் ஏலத்துக்கும் பழம்பொருள் கடைகளுக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2022 போருக்குப் பிறகு லண்டனின் பெரிய ஏல நிறுவனங்கள் ரஷ்யக் கலைக்கென்று நடத்திய தனி ஏலங்களை ரத்து செய்துவிட்டன, அதனால் மற்ற ஏலங்களுக்கு நடுவிலும் தேட வேண்டியிருக்கிறது. ஏலத்துக்கு முந்தைய பார்வை நாட்களில் உள்ளே போய், கேட்டால் கையிலேயே கொடுப்பார்கள், காசு கிடையாது. அப்படிப் பார்த்துப் பழகியதில் சொல்கிறேன்: அசல் என்றால் ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம்.

எதற்கு அவ்வளவு என்றால், எனாமலுக்கு. வெள்ளித் தகட்டில் முதலில் கடைசல் இயந்திரம் வைத்து அலை அலையாகவோ, நடுவிலிருந்து கதிர் விரிகிற மாதிரியோ மெல்லிய கோடுகள் இழுப்பார்கள், இதைத்தான் கியோஷே என்கிறார்கள். அதன் மேல் நிறக் கண்ணாடித் தூளைப் பூசி, 700, 800 டிகிரி சூளையில் சுட்டு, ஆறவிட்டு, அடுத்த பூச்சு, திரும்பவும் சூளை, இப்படி ஐந்தாறு தடவை. நடுவில் ஒரு குமிழ் விட்டாலும் அதுவரை செய்தது அத்தனையும் வீண். கடைசியில் மரச் சக்கரத்திலும் மென்தோலிலும் மெருகேற்றுவார்கள். ஃபிரேமை ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்த்தால் அடியில் இருக்கிற கோடுகள் பட்டுப்புடவையில் வெளிச்சம் ஓடுகிற மாதிரி நகரும். மேலே விரலை வைத்தால் மேடு பள்ளமே தெரியாது. வெள்ளையில் ஒரு ரகம் உண்டு, சாய்க்கும்போது மட்டும் உள்ளிருந்து இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். போட்டோவில் இது எதுவும் விழாது, அதனால் இணையத்தில் படம் பார்த்து வாங்குவது சுத்த முட்டாள்தனம்.

கார்ல் ஃபபெர்ஜே பட்டறையில் உட்கார்ந்து செய்தவர் இல்லை, செய்தது அவருடைய தலைமைக் கைவினைஞர்கள். கரேலியா பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த மிகயில் பெர்கின் பெரிய பெயர். 1903ல் அவர் இறந்தபின் பட்டறை அவரிடம் உதவியாளராக இருந்த ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம் கைக்கு வந்தது. ஃபிரேம் என்று பார்த்தால் என் ஓட்டு பின்லாந்துக்காரர் விக்டர் ஆர்னேவுக்கு. எனாமல், அதன் மேல் கொஞ்சமாகத் தங்கப் பூச்சரம், அவ்வளவுதான், எதையும் அள்ளிப் பூசமாட்டார். 1904ல் அவர் பட்டறையை ஆர்ம்ஃபெல்ட் என்ற இன்னொரு கைவினைஞரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார். ஃபபெர்ஜே பெயர் இல்லாமலே நல்ல சரக்கு வேண்டுமென்றால் ஃபபெர்ஜே இருந்த அதே பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் இவான் பிரிட்சின் இருக்கிறார், வெள்ளைக்கும் வெளிர் நீலத்துக்கும் பெயர் போனவர். மாஸ்கோ ஆட்களின் கம்பி கட்டிய பல வண்ண எனாமல் வேறு ருசி, எனக்கு ஒட்டவில்லை.

இப்போது போலி விஷயம். சந்தையில் நிறையவே இருக்கிறது, அதனால் முகத்தைப் பார்த்து மயங்குமுன் ஃபிரேமைத் திருப்புங்கள். 84 என்ற எண் இருக்கும், ரஷ்யக் கணக்கில் 96தான் சுத்த வெள்ளி, ஆக 84 என்றால் 87.5 சதவீதம். 88, 91 என்றும் வரும். பக்கத்திலேயே தலைப்பாகை கட்டிய பெண் தலை முத்திரை. 1899லிருந்து 1908 வரைக்கும் அந்தத் தலை இடப்பக்கம் பார்க்கும், அதற்குப் பிறகு வலப்பக்கம். வலப்பக்கம் பார்க்கிற தலையும் பெர்கினின் М.П. என்ற ரஷ்யப் பெயரெழுத்தும் ஒரே ஃபிரேமில் இருந்தால்? மனுஷன் இறந்து ஐந்து வருஷம் கழித்து எழுந்து வந்து செய்திருக்க வேண்டும். ஆர்னே முத்திரைக்கும் இதே சோதனை செல்லும். லண்டன் ஹால்மார்க்கும் சேர்ந்திருந்தால் பதற வேண்டாம். அங்கே கிளை வைத்திருந்த ஃபபெர்ஜே 1910ல் ஹால்மார்க் வழக்கில் தோற்றார், அதனால் எனாமல் பூசுமுன்பே பொருளை லண்டனுக்கு அனுப்பி முத்திரை வாங்கித் திரும்பக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

அப்புறம் ஒட்டு வேலை. எனாமல் பெயர்ந்தால் திரும்பச் சூளையில் வைக்கப் பயப்படுவார்கள், மிச்சமும் வெடித்துவிடும் என்று. நிறம் கலந்த ரெசினால் அடைத்துவிடுவார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் கோடுகள் மங்கி நிற்கும், புற ஊதா விளக்கில் இன்னும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். உள்ளே ஜார் குடும்பத்துப் போட்டோ இருக்கிறதே என்று விலையை ஏற்றிச் சொன்னால் அதற்கும் மயங்காதீர்கள், போட்டோவை மாற்ற எவ்வளவு நேரமாகும்? ஒரு கடையில் பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொன்னதற்கு, பழசு, உடைந்துவிடும் என்று மழுப்பினார்கள். சரி என்று வெளியே வந்துவிட்டேன்.

அரை மதிப்பெண் குறைத்தது அந்தப் பின்பலகைக்காகத்தான். நிறைய ஃபிரேம்களில் அது யானைத் தந்தம். 2022 ஜூனில் அமலுக்கு வந்த பிரிட்டன் சட்டப்படி, விலக்கு வாங்காமல் தந்தப் பொருளை விற்கவே முடியாது, இந்தியாவிலும் தந்த வியாபாரத்துக்குத் தடை. மரப்பலகை போட்டவையும் வருகின்றன, அதையே கேளுங்கள்.