மாடித் தொட்டியில் காப்பி: எந்த விதை, எந்த இனம்?

விதை போட்டுக் காப்பிச் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் போய் நிற்கும் இடம் காப்பித்தூள் கடை. வறுக்காத பச்சைக் கொட்டையைக் கொஞ்சம் வாங்கி வந்து, ராத்திரி ஊறவைத்து, மண்ணில் புதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பெரும்பாலும் அது மக்கி மண்ணோடு போய்விடும். கைராசியைக் குறை சொல்லிப் பயனில்லை. நெல், உளுந்து போலக் காயவைத்து அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்கக்கூடிய விதை அல்ல காப்பி. நம் ஊரில் பயிராகும் காப்பி இனங்கள் முக்கியமாக இரண்டு: அராபிகா, ரொபஸ்டா. அராபிகா விதை நல்ல நிலையில் வைத்தால் ஆறு மாதம் வரை தாக்குப்பிடிக்கலாம்; ரொபஸ்டா இரண்டு மூன்று மாதம்தான். நாள் ஆக ஆக முளைப்பும் குறைந்துகொண்டே வரும். கடைக்கு வரும் கொட்டையோ நன்றாக உலர்த்தி, ஆலையில் ஓடு உடைத்து, தரம் பிரித்து, குடோனில் கிடந்து வருவது. குடிக்க அது சரி, விதைக்க உதவாது.

ஆக, உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான்: பார்ச்மென்ட் விதையா, பழமா?

பார்ச்மென்ட் என்பது பழத்தோலை நீக்கிய பிறகு கொட்டையைச் சுற்றி நிற்கும் வெளிர்மஞ்சள் ஓடு. விதைக்கென்று தயாரிக்கும்போது நன்கு பழுத்த பழங்களைப் பொறுக்கி, தோல் நீக்கி, மிதக்கிற கொட்டைகளைக் கழித்துவிட்டு, சலித்த விறகுச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவார்கள். வெயில் காட்டுவதில்லை. கர்நாடகத்தில் பாலெஹொன்னூரில் இருக்கும் மத்தியக் காப்பி ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களிலிருந்து காப்பி வாரியம் விதை கொடுக்கிறது. எந்த ரகம் என்பது உறுதியாகத் தெரிவது இதன் பெரிய பலம். ஆனால் அது தோட்டக்காரர்களை மனதில் வைத்துச் செய்யும் ஏற்பாடு. இரண்டு தொட்டிக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

என் ஓட்டு பழத்துக்குத்தான். ஏற்காடு, கொல்லிமலை, சிறுமலை, தாண்டிக்குடி, கூடலூர் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால், டிசம்பர் ஜனவரியில் சிவக்கப் பழுத்த பழம் ஒரு கைப்பிடி கேளுங்கள். இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பிதுக்கினால் இரண்டு கொட்டை வழுக்கிக்கொண்டு வரும். மேலே ஒட்டியிருக்கும் சதை இனிப்பாகவே இருக்கும், சப்பிப் பார்க்கலாம். அந்த வழவழப்புப் போக ஒரு நாள் தண்ணீரில் போட்டுவைத்துக் கழுவி, உடனே விதைத்துவிடலாம்.

தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி, மேலே மெல்லியதாக மண் தூவி, வைக்கோல் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது நாற்றங்கால் வழக்கம். ஓட்டோடு விதைத்தால் முளைக்க ஒன்றரை மாதம் போல ஆகும். ஓட்டை நகத்தால் மெதுவாக உரித்துவிட்டு விதைத்தால் சீக்கிரம் வரும், ஆனால் உரிக்கும்போது முளைப்பகுதி அடிபட்டால் அந்த விதை அவ்வளவுதான். பொறுமை இருந்தால் ஓட்டை விட்டுவிடுங்கள். தண்டு முதலில் கொட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நிமிரும், அப்புறம்தான் இரண்டு வட்ட இலை விரியும். தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓட்டைப் பிய்த்துவிட வேண்டாம், தானாக விழும். நாற்றுப் பைக்குக் காப்பி வாரியம் சொல்லும் கலவை எளிது: மண் 6 பங்கு, மட்கிய தொழுவுரம் 2, மணல் 1.

அடுத்தது இனம். இதில்தான் மலைக்கும் சமவெளிக்கும் தீர்ப்பு மாறுகிறது.

அராபிகாவுக்கு 15 முதல் 25 டிகிரி வரை பிடிக்கும். ரொபஸ்டாவுக்கு 20 முதல் 30. இதை மட்டும் பார்த்தால் சென்னை, மதுரைக்காரர்கள் ரொபஸ்டா பக்கம் சாய்ந்துவிடுவார்கள். பலர் அப்படியே ஆலோசனையும் சொல்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஒரு செடி போதும். ரொபஸ்டா தன் மகரந்தத்தை ஏற்காது. ஒற்றை ரொபஸ்டா வெள்ளை வெளேர் என்று பூத்துக் குலுங்கும், காய் மட்டும் நிற்காது. வெவ்வேறு விதையிலிருந்து வந்த இரண்டு செடியாவது பக்கத்தில் வேண்டும். மூன்று இருந்தால் நல்லது. ஒரே செடியிலிருந்து எடுத்த இரண்டு பதியன்களை வைத்தாலும் பயன் இல்லை, இரண்டும் ஒன்றுதான்.

ரொபஸ்டா அகலமாகப் படரும், இலையும் பெரிது. பால்கனியில் அப்படி மூன்று தொட்டி என்றால் துணி காயப்போட இடம் இருக்காது. ரொபஸ்டாதான் வேண்டுமென்றால் ‘சி இன்டு ஆர்’ என்று தோட்டங்களில் சொல்லும் கலப்பினம் கொஞ்சம் அடக்கமாக வளரும். அராபிகாவில் பழைய எஸ்.795 உயரமாகப் போகிற ரகம், கவாத்து செய்துகொண்டே இருக்க வேண்டும். 2007-ல் வெளியான சந்திரகிரி குட்டையாக, அடர்த்தியாக நிற்கும். தொட்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

நோய்க் கணக்கு தோட்டத்தில் ரொபஸ்டாவுக்குச் சாதகம். இலைத்துரு நோய் 1869-ல் இலங்கையில் தலைகாட்டி, அங்கிருந்த அராபிகாத் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட கதை தெரிந்ததே. தண்டைக் குடைந்து தின்னும் பூச்சியான தண்டுத் துளைப்பானும் அராபிகாவைத்தான் தேடி வரும். ஆனால் சுற்றுவட்டாரத்தில் காப்பியே இல்லாத ஊரில், மாடியில் தனியாக நிற்கும் செடிக்கு இவற்றைவிடப் பெரிய எதிரி மே மாத வெயிலும் உப்புத் தண்ணீரும்தான். இலை ஓரம் கருகும், இளம் இலை மஞ்சளாகும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கமும், பிடித்துவைத்த மழைத் தண்ணீரும் இருந்தால் சமவெளியிலும் அராபிகா தாக்குப்பிடிக்கும். மொட்டை மாடியில் நிழல்வலைகூடப் போட முடியாதென்றால் இரண்டுமே வேண்டாம். ரொபஸ்டாவும் நிழலில் வளர்ந்து பழகிய செடிதான்.

நர்சரிக் கன்று வாங்கினால் ஒரு வருடம் மிச்சம், ஆனால் என்ன ரகம் என்பது விற்பவர் வாய்ச்சொல். தோட்டத்தில் கிளை ஒடித்து வந்து நடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பக்கக் கிளையை வேர்விட வைத்தால் அது காலத்துக்கும் பக்கவாட்டிலேயே வளரும், நிமிராது. நேராக மேலே போகும் குருத்துத் தண்டுதான் தேவை.

விதையிலிருந்து பூப்பதற்கு மூன்று நான்கு வருடம் ஆகும். காப்பிச் செலவு மிச்சமாகும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். ஒரு கிலோ அராபிகாப் பழத்தில் 200 கிராம் பச்சைக் கொட்டைகூடத் தேறாது, வறுத்தால் இன்னும் குறையும். மொட்டு வந்தும் விரியாமல் நின்றால் தண்ணீர் அதிகமாக இருக்கலாம். மலையில் வறண்ட மாதங்களுக்குப் பிறகு மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழைதான் பூவைத் திறக்கிறது. வீட்டிலும் சில வாரம் தண்ணீரைக் குறைத்து, செடி லேசாக வாடத் தொடங்கியதும் தொட்டி நிறைய ஊற்றினால், எட்டுப் பத்து நாளில் மல்லிகை வாசனையோடு மலரும். இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும் என்பதால், ரொபஸ்டா வைத்திருப்பவர்கள் அதற்குள் ஒரு மெல்லிய தூரிகையால் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்குத் தடவிவிடுவது நல்லது. அதன் பிறகு பழுக்க அராபிகாவுக்கு எட்டு ஒன்பது மாதம், ரொபஸ்டாவுக்குப் பத்துப் பதினொரு மாதம்.