பழைய டெலி லென்ஸ் வாங்கப்போறவங்க இதை ஒரு தடவை படிச்சிடுங்க

வீட்டுப் பின்னாடி எலுமிச்சைச் செடியில தையல்சிட்டு ஒண்ணு, ரெண்டு இலையைச் சேர்த்துத் தைக்க ஆரம்பிச்சிருந்துச்சு, இதுக்காக நான் மூணு வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன். என்கிட்ட இருந்தது 55-250 லென்ஸ் மட்டும்தான். அதுல எடுக்கணும்னா ரொம்பக் கிட்டப் போகணும், கிட்டப் போனா அது கூட்டையே விட்டுட்டுப் போயிடும். முட்டை வச்சதுல இருந்து குஞ்சு பறக்குற வரைக்கும் மொத்தமே நாலு வாரம்கூட கிடையாது. அதனால அவசர அவசரமா 150-600 ஜூம் (இந்த நம்பர் பெருசானா தூரத்துல இருந்தே பெருசா எடுக்கலாம்) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல தேடினேன்.

விளம்பரத்துல 'மின்ட் கண்டிஷன், துளி ஃபங்கஸ் இல்ல'ன்னு போட்டிருந்துச்சு, அதாவது புதுசு மாதிரி இருக்கு, உள்ள பூஞ்சை பிடிக்கலன்னு. பகல்ல வரேன்னு சொன்னேன், விக்கிறவர் வேலை இருக்கு, இருட்டினப்புறம் வாங்கன்னாரு. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும். போய் ட்யூப் லைட் வெளிச்சத்துல முன்கண்ணாடியைப் பாத்தேன், பளபளன்னு இருந்துச்சு. சுவத்துல மாட்டியிருந்த காலண்டரை நாலு ஷாட் எடுத்தேன், டிஸ்ப்ளேல எழுத்தெல்லாம் சுத்தமா தெரிஞ்சுது. "நானும் பறவை எடுக்கிறவன்தான் தம்பி, உங்ககிட்டப் போய் பொய் சொல்லுவேனா"ன்னாரு. நம்பிப் பணத்தைக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலைல செடிக்குப் பின்னாடி இருந்து வெயில் வந்துச்சு. எடுத்த படம் எல்லாம் பால் ஊத்தின மாதிரி வெளுத்து இருந்துச்சு, குருவியோட தலையில இருக்குற அந்தச் செம்பழுப்புகூட சாம்பலாத் தெரியுது. பனியா இருக்கும்னு நினைச்சேன், அப்புறம் என் கைதான் ஆடுதுன்னு நினைச்சு ட்ரைபாட் போட்டேன், ஷட்டரை 1/1000க்கு ஏத்தினேன், ஐஎஸ்ஓ மாத்தினேன், ரெண்டு நாள் முழுசா என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். மூணாவது நாள்தான் லென்ஸைக் கழட்டி பின்பக்கத்துல இருந்து ஃபோன் டார்ச் அடிச்சுப் பாத்தேன். உள்ள சிலந்திவலை மாதிரி கிளை கிளையா பூஞ்சை. சர்வீஸ்ல காட்டினா, உள் கண்ணாடியில கோட்டிங்கையே (மேல்பூச்சையே) அரிச்சிருக்கு, பூஞ்சையைத் துடைச்சு எடுக்கலாம் ஆனா அரிச்ச தடம் போகாதுன்னுட்டாங்க.

ரூமுக்குள்ள ஏன் தெரியலன்னா, பூஞ்சை வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அது நல்லாத் தெரியறது எதிர்ல இருந்து வெளிச்சம் வரும்போதுதான். வெளிச்சம் சீரா விழுற காலண்டர்ல, அதுவும் அந்தச் சின்ன டிஸ்ப்ளேல, எல்லா லென்ஸும் நல்ல லென்ஸாத்தான் தெரியும். அதனால தயவுசெஞ்சு பகல்லயே போங்க. முன்பக்கம், பின்பக்கம் ரெண்டு பக்கத்துல இருந்தும் டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, ஜூமை 150லயும் வச்சு 600லயும் வச்சுப் பாருங்க. சில லென்ஸ்ல கேமராவுல இருந்து கழட்டினதும் அப்பர்ச்சர் (உள்ள வெளிச்சம் போற துளை) மூடிக்கும், பின்னாடி இருக்குற லீவரைத் தள்ளிப் பிடிச்சாத்தான் உள்ள முழுசா தெரியும். வானத்துக்கு எதிரா இருக்குற ஒரு கிளையை எடுத்து, லேப்டாப்ல போட்டுப் பெருசாக்கிப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க. பில்லுல இருக்குற சீரியல் நம்பரும் லென்ஸ்ல இருக்குறதும் ஒண்ணுதானான்னும் பாருங்க, என்னோடது வேற வேறன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

இதுக்கு நடுவுல ஒருத்தர், பழைய லென்ஸே போதும், கூட்டை மறைக்கிற இலையைக் கொஞ்சம் வெட்டி விட்டுடுன்னு ஐடியா கொடுத்தாரு. யாரும் அதைச் செஞ்சுடாதீங்க. அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல், காக்கா கண்ணுல படாம காப்பாத்துறதும் அதுதான். ஒரு படத்துக்காக மூணு உயிரைப் பணயம் வைக்க எனக்கு மனசு வரல.

விக்கிறவருக்கு மெசேஜ் போட்டேன், பாத்தாரு, பிளாக் பண்ணிட்டாரு. பணம் வரல. குஞ்சு மூணும் பறந்துடுச்சு, ஒரு நல்ல படம்கூட இல்ல.

நேத்து அதே விளம்பரம் வேற பேர்ல திரும்ப வந்திருக்கு, அதே மரமேஜை, ஹுட் (லென்ஸ் முன்னாடி மாட்டுற மறைப்பு) மேல அதே வெள்ளை ஸ்டிக்கர். என் கைக்கு வந்த லென்ஸ்ல ஸ்டிக்கரே கிடையாது, அதாவது அந்தப் போட்டோவுல இருக்குறது வேற ஏதோ நல்ல லென்ஸ். அந்த மேஜையும் ஸ்டிக்கரும் எங்கயாவது கண்ணுல பட்டா பேசவே பேசாதீங்க.