டியூனிங் பெட்டியா, ரீமேப்பா? எண்ணூர் ரோட்டில் ஓடும் ஒரு போலோவின் கணக்கு

என்னுடையது 2016 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். 1197 சிசி, ஒரு டர்போ, 105 பிஎஸ். சின்ன வண்டிக்கு இது தாராளம் என்றுதான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஆறே மாதத்தில் போதவில்லை. சோழவரம் ரன்வேயில் ரேஸ் நடந்த நாளில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவர் என் அப்பா. பிள்ளை வேறு எப்படி இருப்பான்?

பவரைக் கூட்டும் வழிகளில் எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடலாம். டர்போ வண்டியில் பின்பாதி எக்ஸாஸ்டை மட்டும் மாற்றினால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். எண்ணெய் தடவிய ஃபில்டர் வேறு ஊருக்குச் சரியாக இருக்கலாம். நான் இருப்பது திருவொற்றியூர். கம்பெனி பேப்பர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினால் கண்மை மாதிரி கறுப்பாகக் கொட்டுகிறது. விரலில் பட்டால் சோப்புக்கும் சட்டென்று போவதில்லை. நிலக்கரி, அனல் மின் நிலையம், கன்டெய்னர் லாரி எல்லாம் சேர்ந்த தூசி அது. இன்ஜினுக்கும் அதற்கும் நடுவில் இருக்கிற ஒரே வேலியை நானே ஏன் தளர்த்த வேண்டும்?

ஆக, மிச்சம் இரண்டு. டர்போ அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சார் வயரில் சொருகும் டியூனிங் பெட்டி, இல்லையென்றால் இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான இசியுவுக்குள்ளேயே கணக்கை மாற்றும் ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் எதையும் மாற்றாமல் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றுவது). நான் முதலில் வாங்கியது பெட்டி, 22 ஆயிரம். பானெட்டைத் திறந்து கனெக்டரைச் சொருகினால் இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம், தடயம் இருக்காது, விற்கும்போது தொல்லை இல்லை. காகிதத்தில் பார்த்தால் பெட்டிதான் புத்திசாலித்தனம். வெளிவட்டச் சாலையில் ஞாயிறு காலை ஓட்டிப் பார்த்தபோதும் அப்படித்தான் தோன்றியது.

எட்டாவது மாதம் எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கிறேன். முன்னாலும் பக்கத்திலும் கன்டெய்னர் லாரிகள், அங்குலம் அங்குலமாக நகர்கிறது. முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வண்டி குளிரில் நடுங்குவது போல உதறியது. இரண்டு நாளில் டேஷ்போர்டில் கியர் எழுத்து விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது.

வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் உண்டு. பானெட்டைத் திறந்ததும் பெட்டியைத்தான் பார்த்தார். "இன்னா தம்பி இது? இது இன்ஜின்கிட்ட பொய் சொல்லுது, இன்ஜின் போய் கியர்பாக்ஸ்கிட்ட பொய் சொல்லுது. நடுவுல கிளட்சு மாட்டிக்கினு எரியுது."

விஷயம் அதேதான். பெட்டி செய்வது ஒன்றே ஒன்று: டர்போ அழுத்தம் உள்ளதைவிடக் குறைவு என்று இசியுவை நம்பவைப்பது. இசியுவும் நம்பி அழுத்தத்தைக் கூட்டும். மேனுவல் வண்டியாக இருந்தால் கதை அங்கே முடிந்துவிடும். என் வண்டியில் இருப்பதோ ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் கியர்பாக்ஸ், அதிலும் உலர் கிளட்ச் ரகம். கிளட்சை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று அது இசியு சொல்லும் டார்க் (இன்ஜினின் இழுவை) எண்ணை வைத்து முடிவு செய்கிறது. சொல்லும் எண்ணைவிட வரும் இழுவை அதிகமானால் பிடிமானம் போதாமல் கிளட்ச் வழுக்கும், சூடாகும், தேயும். எண்ணெயில் ஊறிய கிளட்ச் என்றால் அந்தச் சூட்டை எண்ணெய் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இதற்கு அந்த வசதி இல்லை. போதாததற்கு, ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்து போகிற நம் டிராஃபிக்கில் இந்தக் கிளட்ச் ஏற்கெனவே பாதி நேரம் வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. பெட்டி மேல் முழுப் பழியையும் போட மாட்டேன், எனக்கு முன் ஓட்டியவர் எப்படி ஓட்டினாரோ. ஆனால் கிளட்ச் செட் மாற்றிய பில், பெட்டி விலையைப் போல மூன்று மடங்கு.

ரீமேப்பில் இந்தப் பொய் வராது. இசியுவின் கணக்கையே திருத்துவதால், ஒழுங்காகச் செய்தால் கியர்பாக்ஸுக்குப் போகும் எண் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். 'ஒழுங்காக' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இந்த கியர்பாக்ஸின் வரம்பு 250 நியூட்டன் மீட்டர், கம்பெனி இன்ஜின் கொடுப்பது 175. இடையில் நிறைய இடம் இருக்கிறதே என்று டியூனர்கள் 230 வரை இழுக்க ஆசை காட்டுவார்கள். நான் 210-இல் நிறுத்தச் சொன்னேன், அதுவும் கீழ் ஆர்பிஎம்மில் மெதுவாக ஏறும்படி. "அப்போ கிக்கே இருக்காது சார்" என்றார் லேப்டாப்காரர். லாரிக்குப் பின்னால் நிற்கும்போது எனக்கெதற்குக் கிக்? மூன்றாவது கியரில் முந்தும்போது வந்தால் போதும், வருகிறது.

செலவு பெட்டியைவிட அதிகம். 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப் என்பதால் எக்ஸ்பி95 கிடைக்கும் பங்க் பார்த்துத்தான் போடுகிறேன். சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்தால் மேப் அழிந்துபோகலாம், அதனால் வண்டியை விடும்போதே சொல்லிவிட வேண்டும். வாரண்டி உள்ள வண்டி என்றால் நான் எதையும் தொடச் சொல்ல மாட்டேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது என்பதையும், இன்ஷூரன்ஸ்காரரிடம் மறைத்தால் க்ளெய்மில் வம்பு வரும் என்பதையும் தெரிந்தே இறங்குங்கள். பழைய ஃபைலை பென்டிரைவில் வைத்திருக்கிறேன், விற்கும் நாளில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

ரீமேப்போடு ஓடியது இன்னும் 14 ஆயிரம் கிலோமீட்டர்தான். ஒரு லட்சம் ஓடியவர் சொல்வதற்கு முன்னால் என் பேச்சு செல்லாது. கிளட்சும் புதிது, ஓட்டும் விதமும் மாறிவிட்டது: ஊர்ந்து போகாமல், ஒரு கார் நீளம் இடைவெளி வந்த பிறகே பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறேன். எது எவ்வளவு காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாஃப்ட்வேரோடு பாகங்களையும் மாற்றுகிற ஸ்டேஜ் 2 பற்றி எழுதும் தகுதி சுத்தமாக இல்லை. நண்பன் வண்டியில் ஒருமுறை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டதோடு சரி.

பெட்டியை எட்டாயிரத்துக்குக் கேட்டு தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பையன் வந்தான். விலை பேசுவதற்கு முன் அவன் வண்டியில் என்ன கியர்பாக்ஸ் என்று கேட்டேன். மேனுவல் என்றான். கொடுத்துவிட்டேன்.